சந்தேக டீச்சர்

“‘நாளை காலை முதல் தண்ணீர் வராது.’ சரி. நாளைன்னா எந்த நாளை?”

மாடிப்படியின் அடியில் ஒட்டியிருக்கும் அறிவிப்புக்கு முன்னால் நின்று இப்படிக் கேட்கிற அம்மாள் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. ஒரு தோளில் பள்ளிக்கூடப் பை, ஒரு கையில் குடை, இன்னொரு கையில் சாப்பாட்டுக் கூடை. கண் மட்டும் காகிதத்தில். “ஒட்டினவங்க தேதி போடல. நேத்து ஒட்டியிருந்தா அந்த நாளை இன்னிக்குத்தான். இப்பத்தான் ஒட்டினாங்கன்னா நாளைக்கு. பசை காஞ்சிருக்கா பார்ப்போம். ம், காஞ்சிருக்கு. அப்போ நேத்து ஒட்டினது. அடக் கடவுளே, அப்போ இன்னிக்கே வராது!”

பால் வாங்கிக்கொண்டு வந்த கீழ்வீட்டுக்காரர் இதைக் கேட்டாரோ இல்லையோ, பால் தளும்பத் தளும்ப உள்ளே ஓடினார். அவர் மனைவி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அடுத்த நிமிடம் கட்டடம் முழுக்கக் குழாய் திறக்கும் சத்தம். குடம், வாளி, அண்டா, கடைசியில் பூச்சட்டி வரைக்கும் நிரப்பி வைத்தார்கள். அன்று தண்ணீர் ஒரு சொட்டுக் குறையாமல் வந்தது. மறுநாள்தான் வரவில்லை. வெயிலில் பசை சீக்கிரம் காய்ந்துவிட்டதாம். எப்படியோ, எல்லார் வீட்டிலும் வாளி நிறைந்திருந்ததால் யாருக்கும் கஷ்டமில்லை. அதற்காக யாராவது அந்த அம்மாளுக்கு ஒரு நன்றி சொன்னார்களா என்றால், மூச்! சந்தேகப்படுகிறவர்களுக்கு நன்றி சொல்லும் வழக்கம் உலகத்தில் இல்லை.

நாலாம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுக்கிறவர் அவர். பிள்ளைகள் வைத்த பெயர் ‘சந்தேக டீச்சர்’. வாட்ச்மேனும் பேருந்து நடத்துநரும் கூட அதையே சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கோபம் வருவதில்லை. “பேருல என்ன சார் இருக்கு? கூப்பிட்டா திரும்பிப் பார்க்கணும், அவ்வளவுதானே?” என்பார்.

இந்தப் பெயர் வந்தது அவர் பாடம் நடத்துகிற விதத்தால். மற்ற வகுப்புகளில் ஆசிரியர் வாசிப்பார், பிள்ளைகள் கேட்பார்கள். பிறகு கேள்வி, பிறகு பதில், பிறகு மணி. இவர் வகுப்பில் இவர் வாசிப்பார், திடீரென்று வண்டி பள்ளத்தில் இறங்கின மாதிரி நிற்பார். ஆள்காட்டி விரல் நெற்றிக்குப் போகும். “இந்த இடத்துல எனக்கு ஒரு சந்தேகம்” என்பார். பிறகு மனசுக்குள் ஓடுவதையெல்லாம் அப்படியே வாய்விட்டுக் கொட்டுவார். இந்த ஆள் ஏன் இப்படிச் சொன்னான், முன்பக்கத்தில் வேறு மாதிரி சொன்னானே, எனக்குத்தான் புரியவில்லையா, திரும்பப் படித்துப் பார்க்கலாமா என்று தன்னோடு தானே சண்டை போடுவார். வாசிக்கிறபோது தலைக்குள் என்ன நடக்கிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. தலையைத் திறந்து காட்டவும் முடியாது. ஆகவே வாயைத் திறந்து காட்டுகிறேன் என்பது அவர் கட்சி.

கட்சியெல்லாம் சரிதான். ஆனால் பள்ளிக்கூட மணி அடித்ததும் வாயை மூடிக்கொள்ளத் தெரிய வேண்டாமா? அதுதான் இல்லை.

வீட்டில் அவர் கணவர் செய்தித்தாளைத் தொட்டுப் பல வருஷம் ஆகிறது. கடைத்தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரில் பாதிப் பேர் இவர் கொடுத்த கண்ணாடியில்தான் பேப்பர் படிக்கிறார்கள். இவர் மட்டும் படிப்பதில்லை, கேட்கிறார். சமையலறையிலிருந்து மனைவி வாசிக்க, கூடத்தில் இவர் சவரம் செய்துகொண்டே கேட்பார். “‘பாலம் விரைவில் திறக்கப்படும் என அமைச்சர் உறுதி.’ விரைவில்னா எப்போ? போன வருஷமும் விரைவில்னாங்களே. உறுதின்னு எதுக்குச் சொல்றாங்க? திறக்கிறதா இருந்தா திறந்துட்டுப் போக வேண்டியதுதானே?” கணவர் கன்னத்தில் நுரையோடு தலையாட்டுவார். கடைக்கு வருகிறவர்கள் அரசியல் பேசினால் அவர் கேட்கிற கேள்விகளைப் பார்த்து, “அண்ணாச்சி பெரிய சிந்தனையாளர்” என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அண்ணாச்சி மறுப்பதில்லை.

மகள் அப்படியல்ல. கல்லூரிக்குப் போகிறவள், மானம் மரியாதை பார்க்கிற வயசு. ஒருநாள் மேஜையில் கிடந்த அவளுடைய போனில் ஒரு செய்தி வந்து மின்னியது. அம்மாக்காரி கையில் கரண்டியோடு அந்தப் பக்கமாகப் போனவர், சும்மா போயிருக்கலாம். “‘சாப்பிட்டியா!’ இது கேள்வி. கேள்வின்னா கேள்விக்குறிதானே வரணும்? இங்க ஆச்சரியக்குறி எதுக்கு? என் பொண்ணு சாப்பிட்டதுல இந்தப் பையனுக்கு என்ன ஆச்சரியம்? பையன்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேனோ? ஏன் அப்படித் தோணுச்சு எனக்கு?”

“அம்மா!” என்று ஒரு அலறல். அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்தப் போன் குப்புறப் படுத்தே கிடக்கிறது.

“உங்கம்மாவுக்கு மனசுக்கும் வாய்க்கும் நடுவுல கதவு வைக்க மறந்துட்டாங்கடி” என்று கணவர் சமாதானம் சொன்னார். மகள் சமாதானமாகவில்லை. அந்தப் பையன் யார் என்பதும் இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை.

இவ்வளவு சந்தேகம் இவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சிரித்துக்கொண்டே ஒரு கதை சொல்வார். சின்ன வயசில் இவர் பள்ளிக்கே பெருமை. வெளியாட்கள் யார் வந்தாலும், “எங்கே, அந்தப் பொண்ணைக் கூப்பிடு” என்பார்கள். இவர் மேடையேறி, புத்தகத்தைப் பிரித்து, தண்ணீர் ஊற்றுவது போல வாசிப்பார். ஒரு எழுத்துத் தடுக்காது. கைதட்டல், பரிசு. ஒரு தடவை விருந்தாளியாக வந்த ஒரு பெரியம்மா இவரைப் பக்கத்தில் கூப்பிட்டு, “அழகா வாசிச்சே கண்ணு. ஆனா பாவம், அந்தத் தம்பி செத்துப்போனது எனக்கு மனசே ஆறல” என்றாராம். “எந்தத் தம்பி?” என்று கேட்டிருக்கிறார் இவர். கதையில் ஒருத்தன் செத்ததே வாசித்தவளுக்குத் தெரியாது! “அந்தம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே, சார். அப்பவே முடிவு பண்ணேன், இனிமே தடுக்கித் தடுக்கித்தான் படிக்கிறதுன்னு.” சிரிப்பார். ஆனால் இதைச் சொல்லும்போது புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருப்பார்.

நாலாம் வகுப்பில் இப்படித் தடுக்கித் தடுக்கி வாசிப்பதற்கென்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் உண்டு. வாசிப்பு வேளை என்று பெயர். தலைமையாசிரியைக்கு அந்த ஒரு மணி நேரம் கண்ணில் விழுந்த தூசி. அவரையும் குறை சொல்ல முடியாது. அவர் அறைக்கு நேர் மேலே நாலாம் வகுப்பு. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் அக்கடா என்று உட்காரும் நேரத்தில் தலைக்கு மேல் சந்தேகமாகக் கொட்டினால் மனுஷிக்கு எப்படி இருக்கும்? “மத்த கிளாஸெல்லாம் ஊசி விழுந்தா கேக்குது. உங்க கிளாஸ் மட்டும் சந்தைக்கடை. அந்த நேரத்தைக் கணக்குக்குக் குடுத்தாலாவது நாலு பேரு பாஸாவான்” என்பார். போன வருஷம் சொன்னார், இந்த வருஷம் எழுதியே அனுப்பிவிட்டார். கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார், அவர் சரி என்றால் வேளை இருக்கும், இல்லை என்றால் கணக்குக்குப் போய்விடும் என்று பதில் வந்தது.

சந்தேக டீச்சர் பயந்துபோனார். பயம் வந்தால் மனுஷருக்குப் புத்தி எங்கே போகுமோ தெரியாது. புதிதாக எதையாவது வாசித்து மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று, பாடப்புத்தகத்தில் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த கடிகாரக்காரர் கதையை எடுத்துக்கொண்டார். கடிகாரம் பழுது பார்க்கிறவர் ஒருவர் மழை நாளில் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார்; உள்ளே விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. “இந்த இடத்துல எனக்கு ஒரு சந்தேகம். பூட்டிட்டுப் போனவரு விளக்கை ஏன் அணைக்கல? மறந்துட்டாரா? இல்ல உள்ள யாராவது இருக்காங்களா?” என்று அவர் கேட்கிற இடம் அதுதான். அதிகாரி வருவதற்கு முந்தின வாரம் முழுக்க அதே கதை, அதே விளக்கு, அதே சந்தேகம். “கை படியட்டும்” என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். வீட்டில் செய்தித்தாள் வாசிக்கும்போது கூட அந்த வாரம் சந்தேகம் வரவில்லை. கண்ணாடிக் கடையில் அண்ணாச்சி வாயைத் திறக்காததைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

அதிகாரி வந்தார். நல்ல மனுஷர், முகத்தில் சிரிப்பு, கையில் ஒரு கோப்பு. பின்வரிசையில் பிள்ளைகளின் குட்டை பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார். தலைமையாசிரியை வாசலிலேயே நின்றுகொண்டார்.

டீச்சர் வாசிக்கச் சொல்ல, முன்வரிசைக் கெட்டிக்காரன் எழுந்தான். கணீரென்று வாசித்தான். கடையைப் பூட்டினான், மழையில் நனைந்தான், சரியான இடத்தில் நின்றான். அவன் ஆள்காட்டி விரல் நெற்றிக்குப் போயிற்று. “இந்த இடத்துல எனக்கு ஒரு சந்தேகம். பூட்டிட்டுப் போனவரு விளக்கை ஏன் அணைக்கல?”

“மறந்துட்டாரா? இல்ல உள்ள யாராவது இருக்காங்களா?” என்றது வகுப்பு முழுவதும், ஒரே குரலில். எல்லா நெற்றியிலும் ஒரு விரல்.

“ஆஹா!” என்றார் அதிகாரி.

டீச்சருக்கு எங்கேயோ சுருக்கென்றது. பூசையில் மந்திரம் சொல்கிற மாதிரியல்லவா சொல்கிறார்கள்?

அதிகாரிக்கோ உற்சாகம் தாங்கவில்லை. “தம்பி, நீ என்ன நினைக்கிறே? விளக்கு ஏன் எரிஞ்சுது?” என்று கேட்டார்.

“அதைக் கடைசிப் பத்தியில டீச்சர் சொல்லுவாங்க, சார்” என்றான் கெட்டிக்காரன். அதிகாரி கடகடவென்று சிரித்தார். பையன் வேடிக்கையாகச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டார். அவன் வேடிக்கை பண்ணவில்லை என்பது டீச்சருக்குத் தெரியும்.

“வேற பக்கம் எதாவது வாசிக்கச் சொல்லுங்களேன்” என்றார் அதிகாரி. புத்தகத்தைத் தானே புரட்டி, இன்னும் நடத்தாத தேனீப் பாடத்தை எடுத்துக் கொடுத்தார். நடுவரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். “தேனீ பூவுக்குப் பூ பறந்து தேன் சேர்க்கும். பொழுது சாய்ந்ததும் கூட்டுக்குத் திரும்பும்.” நின்றாள். விரல் நெற்றிக்குப் போயிற்று. “இந்த இடத்துல எனக்கு ஒரு சந்தேகம். கூட்டுக்குப் போன தேனீ விளக்கை ஏன் அணைக்கல?”

“மறந்துட்டுதா? இல்ல உள்ள யாராவது இருக்காங்களா?” என்றது வகுப்பு.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தபடி டீச்சர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். “என்ன ஒரு சிந்தனை! என்ன ஒரு சிந்தனை!” கோப்பில் எழுதவும் ஆரம்பித்துவிட்டார். வாசலில் தலைமையாசிரியை கூட, தோற்றுப்போனாலும் பரவாயில்லை என்கிற மாதிரி, லேசாகச் சிரித்தார். பிள்ளைகள் புரிந்து படிக்கிறார்களா என்று பார்க்க வந்தவர்களில் ஒருவர் காதிலும் தேனீயின் விளக்கு ஏறவில்லை!

சும்மா இருந்திருந்தால் வேளை தப்பித்தது. பேசாமல் கைகட்டி நின்றிருந்தால் போதும். “பிரமாதம்மா. இந்த வேளை இருக்கணும். எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் இதைக் கொண்டு போறோம். நானே என் கையால சுற்றறிக்கை எழுதி வச்சிருக்கேன், பாருங்க” என்று அதிகாரி கோப்பிலிருந்து ஒரு காகிதத்தை உருவி, பெருமையாக ஆட்டிக் காட்டினார்.

டீச்சர் பிள்ளைகளைப் பார்த்தார். எல்லாரும் பரிசு வாங்கப் போகிறவர்கள் மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு முகத்திலும் ஒரு சந்தேகமும் இல்லை. மேடையில் தண்ணீர் ஊற்றுவது போல வாசித்தவளுக்கு அந்த முகத்தைத் தெரியாதா? இத்தனை வருஷம் கத்தியும் இவர்களையும் தன்னைப் போலவே பண்ணிவிட்டோமே என்று அழுகை முட்டியது.

“அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் குடுங்க, சார்” என்றார்.

“உங்களுக்குத்தாம்மா. வீட்டுக்குப் போய் நிதானமா...”

“இப்பவே குடுங்க.”

வாங்கி, வகுப்புக்கு நடுவில் நின்று, சத்தமாக வாசித்தார். “‘வாசிப்பின்போது எழும் ஐயங்களை அவை எழுவதற்கு முன்னரே உரியவாறு எழுப்பி, எழுப்பப்பட்டவற்றை எழுந்தவையாகவே கொண்டு, உரியவர் உரிய காலத்துக்குள் தெளிவுறச் செய்தல் வேண்டும்.’”

நின்றார். விரல் நெற்றிக்குப் போகவில்லை. மறுபடி முதலிலிருந்து வாசித்தார், மெதுவாக. “உரியவர்...” என்று முணுமுணுத்தார். கண்ணாடியைக் கழற்றி, புடவையில் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார். வகுப்பு காத்திருந்தது. விரல் எப்போது மேலே போகும், தாங்கள் எப்போது ஒரே குரலில் சொல்ல வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல் போகவே இல்லை.

கடைசி பெஞ்சில், அதிகாரிக்குப் பக்கத்தில், ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண். வகுப்பில் வாயே திறக்காதவள். அவள் எழுந்து, “டீச்சர், உங்களுக்கு நிஜமாவே தெரியலையா? இல்ல சும்மாவா?” என்று கேட்டாள்.

“நிஜமாத்தான்டி. சத்தியமா புரியல” என்றார் டீச்சர்.

சந்தேக டீச்சருக்கு நிஜமாகவே புரியவில்லை! வகுப்பில் ஒரு சலசலப்பு. ரெட்டைச் சடைக்காரி பெஞ்சை விட்டு இறங்கி வந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. கெட்டிக்காரன் மேஜை மேல் ஏறி எட்டிப் பார்த்தான். டீச்சர் காகிதத்தைப் பிள்ளைகளின் உயரத்துக்குத் தாழ்த்திப் பிடித்தார். கைக்கு எட்டவில்லை என்றதும் தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“உரியவர்னா யாரு டீச்சர்? நீங்களா?”

“நானும் அதைத்தான் யோசிக்கிறேன். மேல எங்கயாவது சொல்லியிருக்கா பாரு.”

“இல்ல டீச்சர். மேல தேதிதான் இருக்கு.”

“எழறதுக்கு முன்னாடியே எப்படி எழுப்ப முடியும்? வராத சந்தேகத்தை எப்படிக் கேக்கறது?” என்றான் கெட்டிக்காரன். முதல் தடவையாக அவன் முகம் கோணலாக இருந்தது.

“அப்படிக் கேட்டா பொய்தானே?”

“திரும்பப் படிங்க டீச்சர், அந்த நடு வரியை மட்டும்.”

டீச்சர் படித்தார். எல்லாரும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். தப்புத் தப்பாகத்தான் சொன்னார்கள். சத்தம் கீழே தலைமையாசிரியை அறைக்கு மட்டுமல்ல, அதற்கும் அப்பால் தெருவுக்கே கேட்டிருக்கும். தலைமையாசிரியை வாசலில் நின்று, “என்ன இது? என்னங்க இது?” என்று யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். ரெட்டைச் சடைக்காரி மட்டும் பேசாமல் அந்த வரியின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“டீச்சர், இது நாம விளக்குக்குப் பண்ணோமே, அது மாதிரியா? டீச்சருக்கு இந்த இடத்துல சந்தேகம் வரும்னு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கிட்டு...”

டீச்சரின் காது மடல் சிவந்தது. “சொல்லு. மேல சொல்லு” என்றார்.

“வந்து... அப்போ அந்த உரியவர்...”

பின்வரிசையில் அதிகாரி பொறுக்கமாட்டாமல் எழுந்தார். சிரிப்புப் போன முகத்தோடு, கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, இரண்டு அடி முன்னால் வந்தார். வேளையை வைப்பதும் எடுப்பதும் இன்னும் அவர் பேனாவில்தான் இருந்தது. “அது ஒண்ணுமில்லம்மா, ரொம்பச் சுலபம். அதுக்கு அர்த்தம் என்னன்னா...”

டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணை அந்தப் பெண்ணின் முகத்திலேயே வைத்துக்கொண்டு, ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்து, அதிகாரியை உட்காரச் சொன்னார்.